துரிட்டா அளக்காத அறை

எங்கள் தீவுகளின் தலைநகரான தோர்ஷாவ்னில் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களில் துரிட்டாவைத்தான் எல்லாரும் பேர் சொல்லிக் கேட்பார்கள். ஒரு வீட்டுக்குக் குளிர்காலத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சுவர் எவ்வளவு கனம், ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா, தரைக்குக் கீழே கல் கட்டிய நிலவறையா வெறும் மண்ணா, கூரையில் பஞ்சு அடைத்திருக்கிறார்களா, காற்று எந்தப் பக்கம் வந்து மோதும் என்று அறை அறையாகப் பார்த்து எழுதிக் கூட்டி, கடைசியில் ஒரு எண் சொல்வாள். இத்தனை கிலோவாட். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவள் வேலை பார்க்கும் பெத்துரின் கம்பெனி, வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப்பைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும். எண் பெருத்துப் போனால் மெஷின் நின்று நின்று ஓடிச் சீக்கிரம் கெடும். சிறுத்துப் போனால் வீடு குளிரும்.

வடக்குத் தீவில் மீன் ஆலையில் வேலை பார்த்த அம்மாவுக்கு மூன்றாவது பெண் அவள். டென்மார்க்கில் படித்து, அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு, எட்டு வருஷத்தில் அது ஒத்துவராமல் தனியாகத் திரும்பி வந்தவள். வந்ததிலிருந்து இந்த வேலைதான். இருபத்திரண்டு வருஷத்தில் கண் அப்படிப் பழகிவிட்டது. வாசலில் நின்று ஒரு வீட்டைப் பார்த்தே "ஏழரை" என்பாள். பெத்துர் முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் ஏழு புள்ளி மூன்று வரும். அவன் தோற்ற கேக் பந்தயங்களுக்கு அளவில்லை. "நீ எதுக்கு டேப்பைத் தூக்கிட்டுப் போற, சும்மா வீட்டைச் சுத்திட்டு வந்துடேன்" என்று அவன் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பின்னால் அவளை உறுத்தியது.

சாமலின் வீட்டுக்கு அவள் போனது ஒரு செப்டம்பரில். தெற்குத் தீவின் மேற்குக் கரையில், ஃபாமின் என்ற கிராமத்தில், கடலைப் பார்த்த வீடு. கீழே தார் பூசிய கல் அடித்தளம், மேலே பலகை, அதற்கு மேல் தகரம். சாமலுக்கு எழுபது வயசு. மீன்பிடிக் கப்பலில் நாற்பது வருஷம் இருந்தவர். எண்ணெய்க் கொதிகலன் ஓட்டையாகிவிட்டது என்று, மகள் சொன்னதன் பேரில், கம்பெனிக்கு எழுதியிருந்தார். துரிட்டா போனபோது அவர் மனைவி மரின் இறந்து ஐந்து வாரம்.

சமையலறை, முன்னறை, மாடியில் இரண்டு அறை, எல்லாம் அளந்தாயிற்று. கீழே மேற்குப் பக்கம் ஓர் அறைக் கதவு மூடியிருந்தது. சாமல் அதன் முன்னால் போய் நின்றார்.

"இது மரின் ரூம். திறக்கணுமா?"

துரிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலக் கப்பலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மலைப்பாதையில் துறைமுகம் போகவே அரை மணி ஆகும். அன்றைக்குச் சேர்ந்திசைக் குழுவில் ஒத்திகை. அவளோடு தாழ்குரல் பாடுபவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே வர முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

"மாடி ரூம் மாதிரிதானே இதுவும்?" என்று கேட்டாள்.

"அளவு கிட்டத்தட்ட அதேதான்."

"அப்ப வேண்டாம். சிரமப்படாதீங்க. அதையே எழுதிக்கிறேன்."

அவர் கதவின் கைப்பிடியில் வைத்திருந்த கையை எடுக்கச் சற்று நேரமானது. பிறகு, நல்ல பெண் நீ என்று சொல்லி, காகிதத்தில் சுற்றி ஒரு துண்டு உலர்ந்த ஆட்டுக்கறி கொடுத்தனுப்பினார். துரிட்டா தாளில் "மேற்கு அறை: மாடி அறை போலவே" என்று எழுதிக் கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். கப்பலில் உட்கார்ந்து கணக்கைக் கூட்டினாள். ஆறு புள்ளி ஒன்று. வாசலில் நின்றபோதே ஆறு என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒத்திகை இடைவேளையில் காபி குடிக்கும்போது அந்தக் கதவைப் பற்றிச் சொன்னாள். பெண்டாட்டி செத்த மனுஷனைப் போய்த் திறக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்றாள். போன வருஷம் புருஷனை இழந்த ஒருத்தி துரிட்டாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கப்பலையும் ஒத்திகையையும் துரிட்டா சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவளுக்கே உறைக்கவில்லை. தான் சொன்னதுதான் காரணம் என்று அவளும் நம்பினாள்.

அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் போய் மூன்றாவது வந்தது. பிப்ரவரியில் அதே கிராமத்தில் எல்ஸ்பா என்ற அம்மாவின் வீட்டை அளக்கப் போனாள். சாமலுக்கு இரண்டு வீடு தள்ளி. எல்ஸ்பா பள்ளிக்கூடத்தில் சாமலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வாய் நீளம். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஏம்மா, சாமலுக்குக் குடுத்தியே பொம்மை மெஷின், அது எனக்கு வேண்டாம். கொஞ்சம் பெருசாக் குடு."

"ஏன், அதுல என்ன?"

"என்னவா? வீட்டுக்குள்ள கப்பல் கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். இன்னும் கரைக்கே வரலியாடான்னு கேப்பேன். போன வருஷம் வரைக்கும் சிரிச்சான். இப்ப சிரிக்கிறதில்ல."

துரிட்டா டேப்பைச் சுருட்டினாள். அளந்தது பாதியில் நின்றது. வெளியே மேற்குக் காற்று ஆளைத் தள்ளியது. எங்கள் தீவுகளில் குளிர் என்றால் பனி இல்லை, காற்றுதான். வெளியே நாலு டிகிரி இருக்கும்போதே வீட்டின் சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். அது துரிட்டாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சாமல் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும், தலையில் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து காபிக்குத் தண்ணீர் வைத்தார். கட்டில் சமையலறைச் சுவரோரம் வந்திருந்தது. துரிட்டா பையிலிருந்து வெப்பமானியை எடுத்து மேசைமேல் வைத்தாள். காபி தயாராவதற்குள் அது பதின்மூன்றரையில் போய் நின்றது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்றார், யாருடைய வீட்டைப் பற்றியோ சொல்வதுபோல.

"மெஷினைக் குத்தம் சொல்லாத. அது பாவம், நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. குளிர் அதுல இல்ல, எனக்குள்ள இருக்கு. டாக்டர் ரத்தம்லாம் எடுத்துப் பாத்தாரு, ஒண்ணுமில்லன்னுட்டாரு. நீ சொன்னதுதான் சரி."

"நான் என்ன சொன்னேன்?"

"மொத ஜனவரில போன் பண்ணேனே. மெஷின் ஓடுதா, குழாய் சுடுதான்னு கேட்ட. எல்லாம் சரியா இருக்குன்னேன். அப்ப நீதான் சொன்ன, பெண்டாட்டி போன வீட்ல மொத குளிர்காலம் அப்படித்தான் இருக்கும், உடம்பு குளிரும்னு. யோசிச்சுப் பாத்தேன். கரெக்டாத்தான் இருந்துச்சு."

துரிட்டாவுக்கு அது ஞாபகமே இல்லை. ஜனவரியில் ஒரு நாளைக்கு முப்பது போன் வரும். தோளுக்கும் காதுக்கும் இடையில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு வேறு வீட்டுக் கணக்கைப் போட்டபடியே பேசுவாள். அப்படி ஒரு நாள் ஆறுதலாக ஏதோ சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் நடுங்கியிருக்கிறார். வெப்பமானியில் என்ன காட்டுகிறது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

மரினின் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் எழுந்துபோய்த் திறந்தார்.

அளவு மாடி அறை போலத்தான். ஆனால் அவள் வெளியிலிருந்துகூடச் சுற்றிப் பார்க்காத மேற்குச் சுவர் அங்கே இல்லை. சுவர் இருந்த இடத்தில் இடுப்புயரத்திலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. பக்கத்து ஊரில் மூடிவிட்ட ஒரு கடையின் முகப்புக் கண்ணாடி அது, ஒற்றைக் கண்ணாடி. மரின் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போன வசந்தத்தில், பாறையில் அலை உடைவதைப் படுத்தபடியே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்றும், தானும் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு நாளில் சுவரை அறுத்து மாட்டினோம் என்றும் சாமல் சொன்னார். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஆட்டு ரோமத்தை வைத்து அடைத்திருந்தார்கள். அது காய்ந்து இறங்கியிருந்தது. ஒரு கற்றை ரோமம் வெளியே தொங்கி ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னலடியில் சூடு தரும் ரேடியேட்டர் முழுசாகத் திறந்திருந்தது. அதற்கு மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள்.

"இந்த ரேடியேட்டரை மூடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா. செடி செத்துப்போயிடுமாம்."

மெஷின் கொடுத்த சூட்டில் முக்கால்வாசியை இந்த அறை குடித்துக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒரு விரல் கனப் பலகை. அளந்துகொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டுத் துரிட்டா அளந்தாள். ஜன்னலை மூன்று தரம் அளந்தாள். போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஊற்றிய காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். எல்ஸ்பா வீட்டு அளவை முடிக்கக்கூடத் திரும்பிப் போகவில்லை.

கப்பலில் கணக்குப் போட்டாள். பத்து புள்ளி நாலு. வழியில் இன்னொரு முறை போட்டாள். அதேதான் வந்தது.

மறுநாளே அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. முதலில் பெத்துரிடம் பேசிவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பெத்துர் தாளை வாங்கிப் பார்த்து, கீழே இருந்த வரியில் விரலை வைத்தான். "எல்லா அறைகளையும் காட்டினேன்" என்று அச்சடித்து அதன் கீழ் சாமல் கையெழுத்து.

"அவரு கையெழுத்துப் போட்டிருக்காரு துரிட்டா. மறைச்சது அவரு. பாவம்தான், போய்ச் சரி பண்ணிக் குடுப்போம். ஆனா தப்பு நம்மதுன்னு நீயாப் போய்ச் சொல்லிக்காத."

பெத்துர் கெட்டவன் இல்லை. இருபது பேருக்கு வேலை கொடுத்தவன், அப்படித்தான் யோசிப்பான். அந்த வரியைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னதே துரிட்டாதான், பல வருஷத்துக்கு முன்னால். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். "அளவெடுத்த சமயத்தில் ஓர் அறை காட்டப்படவில்லை" என்று ஆரம்பித்தது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. காட்டப்படவில்லை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கைப்பிடியில் கையை வைத்துத் திறக்கணுமா என்று கேட்டவரைப் பற்றி எழுதிய சொல் அது. கிழித்துப் போட்டாள். ஆனால் அதற்குப் பதில் வேறொன்று எழுதவும் இல்லை.

அந்த வாரம் ஒத்திகைக்குப் போனாள். இடைவேளையில், புருஷனை இழந்த அந்தப் பெண் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியிடம் துரிட்டாவைக் காட்டி அந்தக் கதவுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்றாள். துரிட்டா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். ரேடியேட்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் இருபத்தொரு டிகிரி. எழுந்து அதை மூடினாள். மூடி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும், படுக்கப் போகும்வரை அப்படியே விட்டாள்.

இப்படிப் பதினோரு நாள் போயிற்று. வானொலியில் மேற்கிலிருந்து புயல் என்று சொன்ன இரண்டு நாளும் அந்தப் பதினொன்றில் அடக்கம். அந்த இரண்டு நாளும் சாமல் வீட்டில் எத்தனை டிகிரி இருக்கும் என்று அவளால் வேண்டாம் என்றாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டுக்குக் கீழே வந்தது.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, காலைக் கப்பலில் போனாள். சாமல் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். வழியில் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மெஷின் சின்னதாப் போயிடுச்சு. நான் கணக்கைத் தப்பாப் போட்டேன். உங்க உடம்புல ஒண்ணுமில்ல. அந்த ரூமை நான் அளக்கல. அளந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. ஒரு கிழங்கை முழுசாக உரித்துத் தண்ணீரில் போட்டார்.

"அப்ப இது மரின் இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"சாயங்காலம் ஆனா அந்தக் குளிர் முதுகுப் பக்கமா வரும்" என்றார் சாமல். "அந்தக் கதவு இருக்கிற பக்கம். வந்துட்டியான்னு கேப்பேன். அன்னன்னிக்கு நடந்ததைச் சொல்லுவேன். பைத்தியம்னு நெனைக்காத, அது காத்துன்னு எனக்கும் ஒரு மூலைல தெரியும். கப்பல்காரனுக்குக் காத்து தெரியாதா. ஆனா நீ படிச்சவ, நீயே சொன்னியா, அதைப் புடிச்சுக்கிட்டேன்."

"நான் சொன்னது எனக்கு ஞாபகம்கூட இல்ல."

"இருக்காது."

இன்னொரு கிழங்கை எடுத்தார். ஆனால் உரிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். மகள் ஒட்வோரைப் பற்றிச் சொன்னார். முதல் கிறிஸ்துமஸுக்குக் கோபன்ஹேகனிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாளாம். மூன்றாம் நாள் குழந்தை இருமத் தொடங்கியது. இது துக்க வீடு, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி அவர்தான் அனுப்பி வைத்தார். அடுத்த வருஷம் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். இந்த வருஷம் அவள் கேட்கவே இல்லை. குழந்தை நடக்க ஆரம்பித்ததைப் போனில்தான் பார்த்தார்.

துரிட்டா அழக் கூடாது என்று இருந்தாள். அழுதால் அவர் எழுந்து வந்து சமாதானம் சொல்வார், அந்த வேலையையும் அவர் தலையில் கட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது.

"அன்னிக்கு ரூமைத் திறக்க வேண்டாம்னு சொன்னது உங்களுக்காக இல்ல. எனக்குக் கப்பலுக்கு நேரமாயிடுச்சு."

"தெரியும். ரெண்டு தடவை வாட்ச்சைப் பாத்த."

கிழங்கை மேசைமேல் வைத்தார்.

"நீ திறக்கச் சொல்லியிருந்தா திறந்திருப்பேன். திறக்கணும்னுதான் இருந்தேன். அவ போனதுலேருந்து அஞ்சு வாரமா எனக்கு அதைத் தனியாத் திறக்க முடியல. யாராச்சும் வெளி ஆள் வருவாங்க, வேலைக்குன்னு கேப்பாங்க, அப்ப திறந்துடலாம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ வேண்டாம்னுட்டுப் போயிட்ட. அப்புறம் நாலு நாள் கழிச்சு நானே திறந்தேன். ரெண்டு செடி காஞ்சு போயிருந்துச்சு."

அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று துரிட்டாவுக்கு இருந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டாள். சரி பண்ணு என்றார். கண்ணாடியை மட்டும் தொடக் கூடாது, அது அவள் கேட்டு வைத்தது. கிளம்புகிறவளிடம், போன தடவை காபியைக் குடிக்காமல் போய்விட்டாய், இந்தத் தடவை குடித்துவிட்டுப் போ என்றார். அது உபசாரமா தண்டனையா என்று தெரியாமல் அவள் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பெத்துரிடம், தப்பு நம்முடையது என்று சாமலிடம் சொல்லிவிட்டேன், வேண்டுமானால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடு என்று சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துவிட்டு மேற்கு அறைக்கென்று தனியாக இன்னொரு மெஷினை அனுப்பினான். கடைக் கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு உட்பக்கம் நாலு விரல் தள்ளி இரட்டைக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். சட்டத்தைச் சுற்றி அடைப்பதையும், பலகைச் சுவருக்குப் பஞ்சு வைப்பதையும் துரிட்டா ஆளிடம் விடவில்லை. மூன்று சனி ஞாயிறு வந்து தானே செய்தாள். ஊதுபத்தி மாதிரி புகையும் குச்சி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு இடுக்காகக் காட்டி, புகை வளைகிற இடத்தையெல்லாம் அடைத்தாள். எல்ஸ்பா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னம்மா, டவுன்காரி முட்டி தேய நிக்கிற. உங்க கம்பெனில ஆம்பளைங்க செத்துட்டாங்களா?"

"தப்புப் பண்ணது நான்."

"அது ஊருக்கே தெரியும். சாமல் சொல்லல. நான்தான் சொன்னேன்."

மார்ச் கடைசியில் ஒரு நாள் நல்ல மேற்குக் காற்று அடித்தபோது சமையலறையில் இருபது நின்றது. துரிட்டா ஒரு வெப்பமானியைச் சுவரில் திருகி மாட்டி, இருபதுக்குக் கீழே போனால் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள், என் நம்பருக்கு, கம்பெனி நம்பருக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். சாமல் நன்றி சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த முதல் வாரம் அவர் வெறும் சட்டையோடு சமையலறையில், கப்பலைத் தவறவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்று எல்ஸ்பா பிறகு சொன்னாள். கட்டிலை மாடிக்குக் கொண்டுபோக ஒரு மாசம் ஆயிற்றாம்.

ஈஸ்டருக்கு ஒட்வோர் குழந்தையோடு வந்தாள். வந்த மறுநாள் துரிட்டாவுக்குப் போன் செய்தாள். "உங்களைத் திட்டணும்னு நம்பர் வாங்கினேன். அப்பா திட்டக் கூடாதுன்னுட்டாரு. அதனால திட்டல. ஆனா திட்டணும்னு இருந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்." தெரிந்துகொண்டேன் என்றாள் துரிட்டா. அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அந்த வசந்தத்தில் துரிட்டா அலுவலக அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய தாள்களை எல்லாம் இறக்கினாள். எழுநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி, "போலவே" என்று எழுதியிருந்ததைத் தனியாக எடுத்தாள். பதினேழு வந்தது. நோயாளி தூங்குகிறார் என்று விட்டது, நாய் கட்டியிருந்தது என்று விட்டது, சாவி தொலைந்துவிட்டது என்று விட்டது. சாமல் வீட்டுத் தாள் போக மீதி பதினாறு வீட்டுக்கும் விடுமுறை நாளில் போய்க் கதவைத் தட்டினாள். பன்னிரண்டில் ஒரு குறையும் இல்லை, ஊகம் சரியாகவே இருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, கோபமாகத்தான் வந்தது. மூன்று வீட்டில் ஒரு அறை சூடாகவே மாட்டேன் என்கிறது என்று சொல்லி, அந்தக் கதவைச் சாத்தி வைத்து வாழப் பழகியிருந்தார்கள். யாருமே புகார் செய்திருக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்த அம்மா, இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு வந்தாய், உன் மன நிம்மதிக்கு என் வீடுதான் கிடைத்ததா என்று கதவைச் சாத்தினாள். அந்த வீட்டுக்கு இரண்டு தரம் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை.

படிவத்தின் அடியில் இருந்த அந்த வரியை எடுத்துவிட்டு, "எல்லா அறைகளையும் நான் பார்த்தேன்" என்று மாற்றி, அதன் கீழே தன் கையெழுத்துக்கு இடம் வைத்தாள். இப்போதெல்லாம் ஒரு வீட்டில் நாலு மணி நேரம் இருக்கிறாள். கட்டிலடிக் கதவு, மாடிப்படிக் கதவு, ஆட்டுக்கறி தொங்கும் கொட்டகைக் கதவு வரைக்கும் திறக்கச் சொல்கிறாள். பிப்ரவரியில் ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு வெப்பமானியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். மரியாதை தெரியாத பொம்பளை என்று சிலர் பெத்துரிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்து எண் சொல்லும் பந்தயத்துக்கு அவன் கூப்பிட்டால் மாட்டேன் என்கிறாள். சேர்ந்திசைக்கு அதற்கப்புறம் போகவில்லை. புருஷனை இழந்த அந்தப் பெண்ணை மட்டும் ஒரு நாள் கடைவீதியில் நிறுத்தி, கதவைத் திறக்காததற்கு உண்மையான காரணம் என்னவென்று சொன்னாள். அவள் கேட்டுவிட்டு, ஏன் இதை என்னிடம் சொன்னாய் என்று வருத்தப்பட்டாள்.

சாமலின் வெப்பமானி அதற்கப்புறம் இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் அவர் போன் செய்கிறார். மேற்கிலிருந்து பெருங்காற்று அடிக்கும் நாளில், பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அவள் போன் அடிக்கும். பேர் சொல்ல மாட்டார், நலம் விசாரிக்க மாட்டார்.

"இருபது" என்பார். சில நாள் "இருபத்தொண்ணு" என்பார்.

"சரி" என்பாள் துரிட்டா.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருப்பார்கள். அவர் வீட்டுப் பக்கம் காற்றின் சத்தம் கேட்கும், வெளியே. தன் மேல் இன்னும் கோபமா, ஆறிவிட்டதா என்று கேட்க ஒவ்வொரு முறையும் அவளுக்கு வாய் வரை வரும். இதுவரை கேட்டதில்லை. போன குளிர்காலத்தில் மட்டும் ஒன்பது முறை கூப்பிட்டார்.